லேசர் பலித்ததா என்று சாயம் காட்டும்

சர்க்கரை நோயால் பாதித்த விழித்திரைக்கு லேசர் போட்ட பிறகு, அங்கே சின்னச் சின்னத் தழும்புகள் நிறைய தெரியும். சிகிச்சை நடந்தது என்பதற்கு அவை அடையாளம், அவ்வளவுதான். பலன் கிடைத்ததா என்று சந்தேகம் வரும்போது கைகொடுப்பது ஃபுளோரசின் ஆஞ்சியோகிராம், அதாவது சாயம் ஏற்றி விழித்திரைக் குழாய்களைப் படமெடுக்கும் சோதனை.

கையிலுள்ள ரத்தக் குழாயில் ஆரஞ்சு நிறச் சாயத்தை ஊசியால் ஏற்றுவார்கள். பெரும்பாலும் 10 சதவீதக் கரைசலில் 5 மில்லி. 10 முதல் 15 நொடிக்குள் அது கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டால் சாயம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். கேமராவின் வடிகட்டி அந்த ஒளியை மட்டும் உள்ளே விடும். இம்முறையை 1961-இல் வெளியிட்ட நோவோட்னி, ஆல்விஸ் இருவரும் அப்போது மருத்துவ மாணவர்கள் என்பது இன்றைக்கும் வியப்பளிக்கிறது.

ஆரோக்கியமான விழித்திரைக் குழாயின் சுவர் இந்தச் சாயத்தை வெளியே விடாது. சர்க்கரை நோயில் நுண்குழாய்கள் அடைபட்டுப்போன இடங்கள் படத்தில் கறுப்பாகக் கிடக்கும். ஆக்சிஜன் கிடைக்காத அந்தத் திசு, விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வளர்க்கும். அவற்றின் சுவர் பலவீனமானது, கசியும். லேசர் குறிவைப்பது பெரும்பாலும் புதுக் குழாய்களை அல்ல, பட்டினி கிடக்கும் விழித்திரையைத்தான். ஆக்சிஜன் தேவை குறைந்தால் விஇஜிஎஃப் குறையும், சில வாரங்களில் புதுக் குழாய்கள் சுருங்கும்.

சரி, சுருங்கினவா என்று எப்படித் தெரியும்? ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. லேசர் தழும்பின் விளிம்பும் சாயத்தை உறிஞ்சி ஒளிரத்தான் செய்யும். ஆனால் 30-ஆவது நொடியிலும் 5-ஆவது நிமிடத்திலும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தழும்பின் பிரகாசம் கூடினாலும் அதன் எல்லை அப்படியே இருக்கும். கசிவோ, காகிதத்தில் மை ஊறுவதுபோல் பரவி ஓரம் கலைந்துவிடும். கசிவு தொடர்ந்தால், லேசர் படாமல் விட்டுப்போன கறுப்புத் திட்டுகளைத் தேடி அங்கே மறுபடி போடுவார்கள்.

சோதனைக்குப் பிறகு தோல் மஞ்சளாகும், சிறுநீரும் நிறம் மாறும். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். சிலருக்குக் குமட்டும். கடுமையான ஒவ்வாமை அரிது, ஆனால் ஆபத்தானது. அதனால் முன்பு ஒவ்வாமை இருந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சாயமே இல்லாமல் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஓசிடி ஆஞ்சியோகிராபியும் இப்போது வந்துவிட்டது. குழாய் இருக்கிறதா என்பதை அது அழகாகக் காட்டும். கசிகிறதா என்பதைக் காட்டாது.