அடி தெரியாத குளத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவுக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் மானேஜர் குடியிருந்த வீடு, சுற்றிலும் செம்பனை. இப்போது அதை நீச்சல் குளத்தோடு ஹோம்ஸ்டேயாக வாடகைக்கு விடுகிறார்கள். பம்பில் சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குளத்தில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பச்சை கலந்த பால் மாதிரி இருந்தது. இறங்கும் படிகளில் மூன்றாவது படி கண்ணுக்குத் தெரியவில்லை.

வராந்தாவில் இருந்த ஓர் அம்மா தலைகளை எண்ணினார். ஐந்து. திரும்பவும் எண்ணினார், ஐந்துதான். ஒரு பிள்ளை குறைந்தது. அந்த நேரத்தில் தண்ணீரில் நின்ற பெரிய பெண்ணின் காலில் என்னவோ மெத்தென்று இடித்திருக்கிறது. குனிந்து இழுத்தாள். அவளுடைய தம்பி, ஆறு வயது இருக்கும். இருமினான், தண்ணீரைக் கக்கினான், பிறகு அழுதான். அந்த அழுகை கேட்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இருமல் நின்றாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பையன் நன்றாக இருக்கிறான்.

அவன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியில் கிடப்பது கண்ணில் பட்டுவிடும். கலங்கிய தண்ணீரில் இரண்டடி தள்ளி நிற்பவருக்கும் தெரியாது.

22 வருடமாகக் குளங்களைப் பராமரிக்கிறேன். இதை எழுத வைத்தது அந்தப் பையன்தான்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "நேத்தே பத்து மாத்திரை போட்டேண்ணே, இன்னும் பச்சை போகலயே" என்றார். நான்கு மாதம் ஆள் வராமல் பூட்டிக் கிடந்த இடம். பம்பை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு மூன்று குளோரின் மாத்திரையை மிதவையில் போட்டு வந்திருக்கிறார். குளத்தைக் கவனித்துக்கொண்டதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். இந்த மாத்திரைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வெள்ளை மாத்திரையின் பெயர் டிரைகுளோர். அது வெறும் குளோரின் இல்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலம், கடையில் ஸ்டெபிலைசர் என்பார்கள். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதன் வேலை. அது இல்லாத குளத்தில் நம் ஊர் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். எனவே 30 முதல் 50 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 30 முதல் 50 பங்கு, ஸ்டெபிலைசர் தேவைதான். சிக்கல் எங்கே என்றால், குளோரின் தீர்ந்து போகிறது, இது தீர்வதில்லை. தண்ணீர் ஆவியானாலும் குளத்திலேயே தங்கிவிடும். தண்ணீரை வெளியேற்றினால்தான் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 லிட்டர் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று 2 பிபிஎம்முக்குச் சற்று அதிகமாக ஸ்டெபிலைசரைச் சேர்க்கிறது. வாரம் மூன்று என்றால் 16 வாரத்தில் 100 தாண்டிவிடும். மழையில் வழிந்து போனது போக மிச்சமே ஏராளம். அந்த அளவில் ஸ்டெபிலைசர் குளோரினை இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோதித்தால் குளோரின் இருப்பதாகவே நிறம் காட்டும். ஆனால் பாசியைக் கொல்லும் வேகம் அதற்கு இருக்காது. அப்போது இன்னொரு மாத்திரை போட்டால் பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுகிற மாதிரி.

அவருடைய தண்ணீரை வடிகட்டி ஸ்டெபிலைசர் அளவை அங்கேயே சோதித்துக் காட்டினேன். சோதனைக் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். மருந்து கலந்த தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும், புள்ளி மறைகிற கோடுதான் அளவு. சரியான குளத்தில் குழாய் நிரம்புகிற அளவுக்கு ஊற்ற வேண்டியிருக்கும். இங்கே அடியில் இருக்கும் 100 கோட்டை எட்டுவதற்குள் புள்ளி காணாமல் போனது, அதாவது 100க்கும் மேல். அவர் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்று. யூடியூபில் வருகிற குளம் திறக்கும் வீடியோக்கள் பலவும் குளிர்நாட்டுக் குளங்களைப் பற்றியவை. அங்கே குளிர்காலம் முழுக்க உறை போட்டு மூடிவைத்து வசந்தத்தில் திறப்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் பாசி மெதுவாகத்தான் வளரும். நம் தண்ணீர் வருடம் முழுக்க 28 டிகிரி சுற்றியே நிற்கிறது. இங்கே பம்ப் ஒரு வாரம் நின்றாலே போதும், பச்சை பிடித்துவிடும்.

சரி, என்ன செய்வது? முதலில் ஸ்டெபிலைசரை அளந்து பாருங்கள். 100 இருந்தால் பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். வேறு குறுக்கு வழி கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் அடியிலிருந்து தள்ளிக் குளத்தையே தூக்கிவிடும், இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. 7.2க்கும் 7.4க்கும் நடுவில் கொண்டு வந்துவிட்டுக் குளோரினைத் தொடுங்கள். 8ல் வைத்துக்கொண்டு ஊற்றினால் குளோரினின் வேகம் குறையும். சுவரையும் படி மூலைகளையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். பொழுது சாய்ந்ததும் திரவக் குளோரின் ஊற்றுங்கள். ஸ்டெபிலைசர் 50 உள்ள 50,000 லிட்டர் குளத்தை 20 பிபிஎம்முக்குக் கொண்டுபோக 10 சதவீதத் திரவம் சுமார் 10 லிட்டர் பிடிக்கும். பாசி சாகும்போது குளோரினையும் தின்னும். எனவே காலையும் மாலையும் அளந்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ஓர் இரவில் 1 பிபிஎம்முக்கு மேல் இறங்காத நிலை வரும் வரைக்கும் நிறுத்தாதீர்கள். பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். ஃபில்டரின் பிரஷர் மீட்டர் வழக்கத்தைவிட 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி ஃபில்டரைக் கழுவுங்கள்.

இரண்டு மூன்று நாளில் பச்சை போய்ச் சாம்பல் கலந்த வெள்ளையாகும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து இன்னும் மருந்தைக் கொட்டுகிறார்கள். அது செத்த பாசி. இனி வேலை ஃபில்டருடையது, காத்திருங்கள். விருந்தாளி சனிக்கிழமை வருகிறார் என்று வெள்ளிக்கிழமை மாலை எனக்குப் போன் செய்யாதீர்கள். ஒரே இரவில் தெளிய வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

தயவுசெய்து, மாத்திரையையும் குளோரின் தூளையும் ஒரே வாளியிலோ ஒரே மிதவையிலோ போடாதீர்கள். இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும். ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அளக்கும் கரண்டியைக்கூடப் பொதுவாக வைக்காதீர்கள். ஆசிட்டைக் குளோரின் பக்கத்தில் அடுக்காதீர்கள், அவை கலந்தால் வருவது நுரையீரலைப் பொசுக்கும் நச்சு வாயு. தூளைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பூட்டிய வீட்டுக் குளம் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். முட்டை கொசுவாகிப் பறக்க பத்து நாள் போதும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு டிங்கி வர உங்கள் குளம் காரணமாகலாம். கொசுப் புழு வளர விடுவது மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அந்தப் பங்களாவில் அன்றே பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். குளம் தெளிய ஆறு நாளானது. வீட்டுக்காரர் வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டி, முன்பதிவு செய்திருந்த இரண்டு குடும்பங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஏழாம் நாள் காலையில் ஆழமான பக்கத்தில் ஓர் ஐம்பது காசைப் போட்டோம். அடியில் கிடந்த காசு கரையில் நின்ற எங்கள் இருவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தது. பிறகுதான் பூட்டைத் திறந்தார்.