டயப்பரில் கிடைக்கும் பாக்டீரியா

"குழந்தையின் மலத்திலிருந்து எடுத்த கிருமியையா மறுபடி குழந்தைக்கே கொடுக்கிறார்கள்?" என்று புரோபயாடிக் பற்றி, அதாவது குடலுக்கு நல்லது என்று உயிரோடு கொடுக்கும் பாக்டீரியாவைப் பற்றி, ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதும்போதே முகம் சுளித்திருப்பார் போல. பல சமயம் அதேதான். 1899-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி திசியே, கவட்டை போலக் கிளைத்த பிஃபிடோபாக்டீரியாவைக் கண்டதும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில்தான்.

மாதிரியை ஆக்சிஜன் படாமல் 37 டிகிரியில் வளர்ப்பது, மரபணுவைப் படித்து இனம் பிரிப்பது, வயிற்று அமிலத்தையும் பித்த உப்பையும் தாங்குகிறதா என்று பார்ப்பது எல்லாம் பழகிய வேலை. ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் வளரவிட்டும் பார்ப்பார்கள். பாக்டீரியாக் கூட்டத்தைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுந்தால் அது சிவப்பணுவை உடைக்கிற ஜாதி. நேராகக் குப்பைக்கு.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். பாக்டீரியா பரப்பிய தட்டில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தோய்ந்த சின்னக் காகித வட்டை வைக்கிறோம். லாக்டோபேசில்லஸ் என்ற வகைப் பாக்டீரியாக்கள் பல பயமே இல்லாமல் வட்டின் ஓரம் வரை வளர்ந்து நிற்கும். ஐயோ என்று பதறவேண்டாம். செல்சுவர் கட்டும் துண்டின் நுனியில் இருக்கும் இரட்டை அலனைன் என்ற அமினோ அமிலத்தைத்தான் வான்கோமைசின் கவ்விப் பிடிக்கும். இவற்றில் கடைசி அலனைன் இருக்கவேண்டிய இடத்தில் லாக்டேட் இருக்கிறது, பிடி கிடைப்பதில்லை. இந்தக் குணம் முதன்மை மரபணுத் தொகுதியிலேயே ஊறியது, சுலபத்தில் கைமாறாது.

ஆனால் மருந்தை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தில் இருந்தால் கதை வேறு. ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். குடலில் அண்டைவீட்டாருக்கா பஞ்சம்? அதில் ஒன்று நோய்க்கிருமியாக இருந்தால் போதும், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் அதனிடம் செல்லாக்காசு.

இது கற்பனை இல்லை. தாய்ப்பாலிலிருந்து பிரித்தெடுத்து விற்பனைக்கும் வந்த லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி ஏடிசிசி 55730 ரகத்தில் இப்படி இரண்டு வளையங்கள் அகப்பட்டன. ஒன்றில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு, மற்றதில் லின்கோமைசின் எதிர்ப்பு. இரண்டையும் கழற்றிவிட்டு உருவாக்கியதுதான் டிஎஸ்எம் 17938 (ஏடிசிசி, டிஎஸ்எம் இரண்டும் பாக்டீரியா சேமிப்பகங்களின் அடையாளம், எண் அந்த ரகத்துக்கு உரியது). இந்த மாதிரிச் சலிப்பூட்டும் சோதனைக்கு நிதி கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் புகைச்சல்.

சோதனையில் தேறிய ரகமும் எல்லோருக்கும் ஒத்துவராது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் புரோபயாடிக் பாக்டீரியாவே ரத்தத்தில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2023-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

டப்பாவைப் பார்த்து எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் அந்த வாசகி கேட்டிருந்தார். பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 55730, 17938 இரண்டுக்கும் பாக்டீரியாவின் பெயர் ஒன்றேதான், லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி.