பகா எண்: கடலூர் 607001

ஆங்கில வழியில் படித்தவர்கள் 'பிரைம் நம்பர்' என்பதும் தமிழ் வழியில் படித்தவர்கள் 'பகா எண்' என்பதும் ஒன்றைத்தான்: 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1ஐவிடப் பெரிய முழு எண். பாடப்புத்தகம் 7, 13, 29 என்று சின்ன எண்களோடு நிறுத்திக்கொள்ளும். பெரிதாக ஒன்று வேண்டுமென்றால் கடலூர் மஞ்சக்குப்பத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 607001 ஒரு பகா எண்.

இதன் வர்க்கமூலம் 779ஐச் சற்றே தாண்டும். ஆகவே 773 வரையுள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதற்கும் மசியாது. 541ஆல் வகுத்தால் மீதி 540. இன்னும் ஒன்று கூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். 4ஆல் வகுக்கும்போது 1 மீதி தரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே வழியில்தான் எழுத முடியும். ஃபெர்மா 1640இல் சொன்னது இது, நிறுவியவர் ஆய்லர். கடலூர் எண்ணுக்கு அந்த வழி 340² + 701².

வேடிக்கை இனிமேல்தான். கடலூர் முதுநகரின் 607003உம் பகா எண்! இப்படி 2 மட்டுமே வித்தியாசம் உள்ள சோடிக்கு 'இரட்டைப் பகா எண்கள்' என்று பெயர். நடுவில் மாட்டிக்கொண்ட 607002 திருப்பாதிரிப்புலியூருடையது; அது 2 × 3 × 11 × 17 × 541 என்று ஐந்தாக உடைகிறது. (3, 5 என்ற சோடியை விட்டுவிட்டால், இரட்டையருக்கு நடுவில் நிற்கும் எண் 6ஆல் வகுபட்டே தீரும்.) அஞ்சல் துறை இதையெல்லாம் யோசித்து எண் கொடுத்திருக்காது. புதுச்சேரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: 605001இன் இலக்கங்களைக் கூட்டினால் 12, ஆகவே 3ஆல் வகுபடும். அது பகு எண்.

'பிரைம்' என்பதன் மூலம் 'முதல்' என்று பொருள்படும் 'பிரைமுஸ்' என்ற லத்தீன் சொல். யூக்ளிட் காலத்துக் கிரேக்கச் சொல்லான 'புரோட்டோஸ்' என்பதற்கும் அதே பொருள்தான். இலங்கைப் பாடநூல்களின் 'முதன்மை எண்' அதைத் தழுவியது. நம் சொல்லின் வேர் 'பகு'. பகுதி, பகிர்வு, பாதி எல்லாம் இதன் உறவுகள். 'பகாத' என்பது ஈறு கெட்டுப் 'பகா' ஆயிற்று. வாடா மலர் போல. நன்னூல் பிரிக்க முடியாத சொல்லைப் 'பகாப்பதம்' என்று முன்பே சொல்லிவிட்டதால், கணக்கு வாத்தியாருக்குப் பாதி வேலை மிச்சம். என் கணிப்பில் மூன்றிலும் இதுவே தெளிவானது. எண்ணின் குணத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

எழுதும்போது ஒரு கவனம்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும். எனவே 'பகா காரணி' பிழை. 'பகாக் காரணி' என்பதே சரி.