பாறைப் பன்னத்தை மண்ணில் புதைக்காதீர்கள்

கொழும்பில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பது என் தொழில். போகும் வீடுகளில் எல்லாம் வாடி நிற்கும் பன்னங்களை (பெரணிச் செடிகளை) பார்க்கிறேன். அதிலும் பாறை இடுக்கில் வளரும் சின்னப் பன்னங்களின் நிலைமைதான் மோசம். நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் போய்வரும்போது தெருவோரப் பாறையிலிருந்து ஒரு பிடி பிய்த்துக்கொண்டு வருவார்கள். கறுப்பு மண் நிரப்பிய பிளாஸ்டிக் சாடியில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நாளில் அடி கறுத்து அழுகிவிடும். கொழும்புச் சூடு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். சூடும் ஒரு காரணம்தான், ஆனால் பெரும்பாலும் செடியைக் கொல்வது அந்தச் சாடிதான்.

பாறையில் மழை பெய்தால் வேர் நன்றாக நனையும், தண்ணீர் உடனே வழிந்துவிடும், அப்புறம் காற்றுப் படும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடத்துக்குப் பழகிய வேர் அது. பல இனங்களில் தண்டு பாறையோடு ஒட்டி ஊர்ந்து போகும். அதை மண்ணுக்குள் மூடினால் அழுகாமல் என்ன செய்யும்? ஆகவே சுட்ட மண்சாடி எடுங்கள். உடைந்த செங்கல் துண்டு, அடுப்புக்கரி, தென்னந்தும்புத் துண்டு, கொஞ்சம் இலைமக்கு, இவ்வளவு போதும். தண்டு மேலே தெரியும்படி வைத்து, அசையாமல் இரண்டு கல்லால் அணைத்துவிடுங்கள். பசளை மிகக் குறைவாகப் போட்டால் போதும்.

பழைய கொழும்பு வீடுகளின் கபுக்கல் (செம்புரைக்கல்) இன்னும் நல்லது. அந்தச் செங்கல் நிறக் கல்லில் இருக்கும் துளைகள் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் தண்ணீர் தேங்காது. வீடு இடிக்கும் இடத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வையுங்கள்.

மலையிலிருந்து எதையும் பிய்த்து வரவேண்டாம் என்பதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தேசியப் பூங்காவுக்குள் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். தெருவோரப் பாறையில் பிய்த்தாலும் இழப்பு இழப்புத்தான். ஒரு பிடி பன்னம் அந்தப் பாறையில் பிடிக்க எத்தனையோ மழைக்காலம் ஆகியிருக்கும். உங்கள் மதிலிலேயே பன்னம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடுக்கில் ஏணிபோல் நீண்ட இலையோடு வளர்வது பெரும்பாலும் டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும். மண்ணிலுள்ள ஆர்சனிக்கை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் இனம் அது என்று 2001இல் புளோரிடா ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கறையான் அரிக்காதபடி ஆர்சனிக் மருந்து ஏற்றிய மரம் அடுக்கிவைத்த இடத்தில் அது வளர்ந்திருந்தால், வெட்டிய இலையை மரக்கறிப் பாத்தியின் உரக்குழியில் போடாதீர்கள்.

வெள்ளிப் பன்னமும் மதில்களில் வரும். இலையின் அடிப்பக்கத்தைக் கையில் அழுத்தி எடுத்தால் வெள்ளையாக அதே இலை தோலில் பதிந்திருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த வெள்ளை ஒரு மெழுகுத் தூள். இதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா, ஆனால் நம் மதில்களில் நன்றாக ஊன்றிவிட்டது. பன்னம் மதிலைப் பெயர்க்கும் என்று பயந்து சுரண்ட வேண்டாம். மதிலைப் பிளப்பது ஆலும் அரசும். அவற்றை இரண்டு இலை விட்டதுமே பிடுங்கிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை, இலையடியில் வரும் பழுப்புப் புள்ளிகள். பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள், சிலர் நகத்தால் சுரண்டுகிறார்கள். வரிசையாக, ஒழுங்காக இருந்தால் அது வித்தி, அதாவது விதைக்குப் பதிலாகப் பன்னம் உதிர்க்கும் நுண்தூள், முதிரும் குவை. ஒழுங்கில்லாமல் நரம்பிலும் காம்பிலும் ஒட்டி, நகம் பட்டால் பிசுபிசுத்தால் செதில்பூச்சி. அதேபோல, வறண்ட பாறையில் வளரும் மயிற்சிகை போன்ற பன்னங்கள் தண்ணீர் இல்லாதபோது இலையைச் சுருட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டது என்று எறியாதீர்கள். ஒரு நாள் நனைத்துப் பாருங்கள், விரியும்.

பல்கணியில் வைப்பவர்கள் கடற்காற்று நேரே அடிக்காத மூலையைப் பாருங்கள். ஏசி வெளிப்பெட்டியின் அனல்காற்றும் ஆகாது. ஈரப்பதம் வேண்டும் என்று சாடிக்கு அடியில் தட்டில் தண்ணீர் தேக்குகிற வழக்கத்தை விட்டேயாக வேண்டும். வேர் அழுகுவது ஒருபக்கம், டெங்கு நுளம்பு பெருகுவது அதைவிடப் பெரிய ஆபத்து. தட்டில் மணலை நிரப்பி நனைத்துவிடுங்கள். தைமாசி வறட்சியில் மாலையில் இலைமேல் தண்ணீர் தெளித்துவிட்டால் சரி.

செடி பெருக்க வித்தியே போதும். குவை நன்றாகப் பழுத்த இலையை ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். தாளைச் சற்றுச் சாய்த்து மெல்லத் தட்டினால் சருகுத்தூள் முதலில் சறுக்கி விழும், நுண்ணிய வித்தி தாளோடு ஒட்டி நிற்கும். அதை, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த செங்கல் துண்டின்மேல் தூவி, மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில், வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சில கிழமையில் பச்சைப் படலம், பிறகு நகக்கண் அளவில் இதய வடிவத் தகடுகள். இந்தத் தகடுகளில்தான் கருக்கட்டல் நடக்கிறது. ஆண் அணு நீந்திப் போக மெல்லிய நீர்ப்படலம் வேண்டும், ஆகவே கொதித்தாறிய நீரை அடிக்கடி புகைபோலத் தெளியுங்கள். முதல் இலை தலைகாட்ட மாதங்கள் ஆகும். இலை இரண்டு மூன்றானதும் பெட்டி மூடியை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றுக்குப் பழக்கி, அப்புறம்தான் கபுக்கல்லுக்கு மாற்ற வேண்டும்.