எதிரெதிர் அணிகள் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் வாக்கியம்

திருகோணமலை நகருக்கு வடமேற்கே இருக்கும் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் அவை என்று சைவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். பழைய பௌத்த மடாலயம் இருந்த நிலம் அது என்பது இன்னொரு தரப்பின் வாதம். யாரும் திருத்தக்கூடிய கலைக்களஞ்சியம் ஒன்றில் இந்த இடத்தைப் பற்றி எழுதினால் என்ன நடக்கும்? காலையில் ஒருவர் எழுதுவதை மாலையில் மற்றவர் அழிப்பார். இரவில் முதலாமவர் அதை மீட்டு வைப்பார்.

விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பில் இதற்கு ஒரு தடை உண்டு. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் பிறர் திருத்தத்தை அழித்தால் தொகுக்கும் உரிமை தற்காலிகமாகப் பறிபோகலாம். சூடு தணியும், சண்டை தீராது. தீர்வுக்கு அருகில் போன முயற்சி நம் நாட்டைப் பற்றியதுதான். 2006இல், போர் மறுபடி மூண்டுகொண்டிருந்தபோது, இலங்கைக் கட்டுரைகளில் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த ஆங்கில விக்கிப்பீடியர்கள் நல்லிணக்கத்துக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். செய்தி மூலங்களைத் தரம் பிரித்தார்கள்: சிலவற்றை அப்படியே எடுத்தாளலாம், சிலவற்றை எடுத்தாண்டால், அது எந்தப் பக்கம் சார்ந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், மீதியைத் தொடக்கூடாது. 'என்ன நடந்தது' என்ற தீராத வாதம், 'யார் என்ன சொன்னார்' என்று சரிபார்க்கக்கூடிய வாதமாக இறங்கிவந்தது. எளிமையான ஏற்பாடுதான், ஆனால் கெட்டிக்காரத்தனமானது.

மோதுகிறவர்கள் சேர்ந்து எழுதினால் கட்டுரை கெட்டுப்போகும் என்று நினைக்கத் தோன்றும். 2019இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது: இடது, வலது என்ற இரு அரசியல் சார்புகளும் கலந்த குழுக்கள், ஒரே சார்புள்ள குழுக்களைவிடத் தரமான விக்கிப்பீடியா கட்டுரைகளை எழுதின. எதிராளி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் ஆதாரத்தை ஒருமுறைக்கு இருமுறை தேடத்தானே வேண்டும்!

விக்கிப்பீடியாவில் மனிதர்கள் பேசிப் பேசிச் செய்வதைக் கணக்காகச் செய்யப் பார்க்கிறது இன்னொரு வழி. 2021 ஜனவரியில் டுவிட்டர் தொடங்கி, பின்னர் 'கம்யூனிட்டி நோட்ஸ்' என்று பெயர் மாறிய முறையின் உயிர்நாடி அதுதான். பிழையான எண்ணத்தைத் தரக்கூடிய பதிவு ஒன்றுக்குப் பயனர்கள் விளக்கக் குறிப்பு எழுதுவார்கள்; அது உதவுகிறதா என்று மற்றப் பயனர்கள் மதிப்பிடுவார்கள். அங்கே பெரும்பான்மை வாக்கு செல்லாது. ஒரு குறிப்புக்கு ஒருவர் இடும் மதிப்பீட்டைக் கணினி நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது. முதலாவது, எல்லா மதிப்பீடுகளுக்கும் பொதுவான சராசரி. அடுத்தது, மதிப்பிடுபவரின் தாராளம்; எதற்கும் அள்ளிப் புள்ளி போடும் ஆசிரியரைப் போன்றவர் என்றால் அதற்கேற்ப ஒரு பங்கு கழிந்துவிடும். மூன்றாவது, அவருடைய சார்பும் குறிப்பின் சார்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது. இவற்றாலெல்லாம் விளக்க முடியாமல் எஞ்சுவதுதான் குறிப்பின் சொந்தப் பெறுமதி. அந்த எண் ஏறத்தாழ 0.40ஐத் தொட்டால்தான் குறிப்பு எல்லாருக்கும் தெரியும்.

'கன்னியா எங்களுடையது' என்ற குறிப்புக்கு ஒரே தரப்பிலிருந்து ஆயிரம் பேர் ஆதரவு தரட்டும். அவ்வளவும் மூன்றாவது கூறில் போய்ச் சேரும். சொந்தப் பெறுமதி உயராது. 'அங்கே ஏழு கிணறுகள் உள்ளன, வெப்பம் கிணற்றுக்குக் கிணறு மாறுபடும்' என்ற குறிப்பை இரு தரப்பிலும் கொஞ்சம் பேர் ஏற்றாலே எண் ஏறும். நீங்கள் தமிழரா சிங்களவரா என்று கணினி கேட்பதில்லை. யார் யாரோடு ஒத்தும் மாறியும் மதிப்பிடுகிறார்கள் என்பதிலிருந்தே சார்பைக் கண்டுபிடித்துவிடுகிறது. கொஞ்சம் அச்சமூட்டும் திறமை என்பேன்.

திருகோணமலைக்காரருக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அந்த அடிப்படைக் கணக்கு மக்களை ஒரே கோட்டில், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே, நிறுத்துகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டத்தின் பிளவுகள் ஒரு கோட்டில் அடங்குமா? காணிப் பிரச்சினையில் ஒன்றாக நிற்கும் இரு தரப்பு, பிரதேச சபை எல்லையில் மோதிக்கொள்ளலாம். 2015இல் தாய்வானில் ஊபர் டாக்சிக்கான விதிகளைப் பற்றிக் கருத்துக் கேட்கப் பயன்பட்ட 'போலிஸ்' என்ற மென்பொருள் (காவல்துறைக்கும் இதற்கும் தொடர்பில்லை) எனக்கு இதைவிடப் பிடிக்கும். பிறர் எழுதிய கருத்துக்கு ஆம், இல்லை, கடந்துபோகிறேன் என்று சொல்லலாம். பதில் எழுத வழியே கிடையாது, ஆகவே வசைபாடவும் வழியில்லை. வாக்குகளைக் கொண்டு அது மக்களை இரண்டுக்கு மேற்பட்ட குழுக்களாகவும் பிரிக்கும். ஒவ்வொரு குழுவின் ஒப்புதல் வீதத்தையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பொது இணக்கத்தை அளக்கும். மூன்று குழுக்களில் இரண்டு 0.9 என்று ஆதரித்து, மூன்றாவது 0.1 என்று நின்றால் பெருக்கற்பலன் 0.081தான். மிகச் சிறிய குழுவுக்கும் ஏறக்குறைய ஒரு தடையுரிமை கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்தத் தடையுரிமை எல்லாக் குழுக்களுக்கும் கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய உண்மையை ஒரு தரப்பு ஏற்க மறுத்தால், ஆதாரம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்குகளில் அது மேலே வராது. இணக்கத்தை அளக்கும் கருவி உண்மையை அளப்பதில்லை. அப்படிப்பட்ட விடயங்களில், 'இன்னார் இன்ன ஆவணத்தில் இப்படிச் சொல்கிறார்' என்று பெயரோடு எழுதிவைக்கும் விக்கிப்பீடியாவின் மெதுவான, எரிச்சலூட்டும் வழியையே நான் தெரிவுசெய்வேன்.