கீட்டோடாக்ஸி: ஈயின் முதுகில் ஒரு சுணையணி

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே வெருலத்தில் சனிக்கிழமை மாலை நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பூச்சியியல் படிக்கும் ஒரு பெண் அவ்வப்போது வருவாள். ஒருநாள், “மாமா, கீட்டோடாக்ஸிக்குத் தமிழில் என்ன?” என்று கேட்டாள். டாக்ஸி என்றதும் பின்வரிசைப் பையன்களுக்கு, டர்பனில் டாக்ஸி என்றே அழைக்கும் மினிபஸ் நினைவு வந்து சிரித்தார்கள். நான் யோசிக்காமல், “மயிரமைப்பு” என்றேன். அதற்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. தமிழில் நாலு வாக்கியம் கோவையாகப் பேசத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லின் வசவுப் பொருள் மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது!

ஈ போன்ற பூச்சிகளின் உடலில் விறைத்து நிற்கும் மயிர்கள் எந்த இடத்தில், எத்தனை, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்ற கணக்குத்தான் கீட்டோடாக்ஸி. இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. ‘கைட்டே’ என்றால் அவிழ்ந்து தொங்கும் கூந்தல். குதிரை, சிங்கத்தின் பிடரிமயிருக்கும் அதே பெயர். ‘டாக்ஸிஸ்’ என்றால் ஒழுங்காக நிறுத்துவது, குறிப்பாகப் படையை வரிசையில் நிறுத்துவது. உயிர்களை வகைப்படுத்தும் டாக்ஸானமியில் இருப்பதும் இந்த டாக்ஸிஸ்தான். ஈயின் முதுகில் கம்பிபோல் நிற்கும் ஒன்றுக்குப் பிடரிமயிரின் பெயரைக் கொடுத்தது எனக்கு அவ்வளவாகப் பொருத்தமாகப் படவில்லை. போகட்டும்.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஓஸ்டன் சாக்கன் என்ற ரஷ்யப் பிரபு. தொழிலால் தூதரக அதிகாரி, நியூயார்க்கில் கான்சல் ஜெனரலாக இருந்தவர். மனமெல்லாம் ஈ, கொசு மேல். 1884-இல் லண்டன் பூச்சியியல் சங்கத்தின் வெளியீட்டில், ஈக்களின் மயிர் வரிசைகளை ஒப்பிட்டு விரிவாக எழுதினார்.

மயிரை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். இங்கே கரும்பை வைத்தே சொல்கிறேன். எங்கள் நேட்டால் பகுதிக் கரும்பின் தண்டைக் குடையும் எல்டானா புழுவை ஒழிக்க, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்டர்மியோப்ஸிஸ் பாராசிட்டிகா என்ற ஈயைக் கொண்டுவந்து, மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்து வயலில் விட்டுப் பார்த்தார்கள். காவடிக்குப் போவோமே, அதே மவுண்ட் எட்ஜ்கோம்ப்தான். பெண் ஈ, புழு குடைந்து தள்ளிய சக்கையின் அருகே உயிருள்ள குட்டிப் புழுக்களையே ஈன்றுவிட்டுப் போகும். அவை ஊர்ந்து தண்டுக்குள் போய், எல்டானா புழுவைக் கண்டுபிடித்து, அதன் உடலுக்குள் புகுந்து தின்று தீர்க்கும். இதன் நெருங்கிய உறவான ஸ்டர்மியோப்ஸிஸ் இன்ஃபெரன்ஸ், தமிழ்நாட்டுக் கரும்பில் இதே வேலையைச் செய்கிறது.

வயலில் பிடித்த ஈ இந்த ஸ்டர்மியோப்ஸிஸ்தானா, வேறு ஏதாவதா என்று எப்படிச் சொல்வது? நிறத்தை நம்ப முடியாது. சாம்பலும் கறுப்பும் கலந்து வீட்டு ஈபோலத்தான் இருக்கும். இது சேர்ந்த டாக்கினிடே குடும்பத்தில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். (1803-இல் ஜெர்மானியர் மைகன் வைத்த ‘டாக்கினா’ என்ற பேரினப் பெயரிலிருந்து வந்தது இது, கிரேக்கத்தில் ‘வேகமானது’ என்று பொருள்.)

அந்தப் பெண் லென்ஸ் வழியாக எனக்குக் காட்டியது இப்படி. முதலில் விலாப்புறம். நடுக்காலின் அடிக்குச் சற்று மேலே, பின்பக்கமாக ஒரு சின்னத் தகடு. வீட்டு ஈக்கு அந்தத் தகட்டில் மயிர் வரிசை கிடையாது. இறைச்சியை மொய்க்கும் நீல ஈக்கு ஒரு வரிசை நிற்கும். தோலுக்குள் புழுவாகப் புகும் புட்சி ஈக்கும் நிற்கும். வெளியில் காயப்போட்ட துணியை இஸ்திரி போடாமல் உடுத்தாதே என்று நம் நாட்டின் வடகிழக்கில் சொல்வார்களே, அந்த ஈ. டாக்கினிடுக்கும், அதாவது டாக்கினிடே குடும்பத்து ஈக்கும் நிற்கும். சரி, இவற்றை எப்படிப் பிரிப்பது? முதுகின் கடைக்கோடியில் முக்கோணமாக ஒரு கேடயத் தகடு இருக்கிறது. அதற்கு நேர் கீழே, பக்கவாட்டில் பார்த்தால், டாக்கினிடுக்கு ஒரு மேடு குண்டாக உப்பித் தெரியும். மற்ற இரண்டுக்கும் அந்த உப்பல் இல்லை.

குடும்பம் தெரிந்த பிறகு எண்ணிக்கை. முதுகின் குறுக்கே தையல் போட்டதுபோல் ஒரு கோடு ஓடுகிறது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் நெடுக ஓடும் மயிர் வரிசையில், தையலுக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று எண்ணி 3+3, 3+4 என்று குறிக்கிறார்கள். அந்த ஒரு மயிர் கூடினாலும் குறைந்தாலும் வேறு பேரினத்துக்குப் போய்விடலாம். அதனால்தான் ஈயை ஊசியில் குத்தும்போது நட்டநடுவே குத்தாமல் சற்று வலப்பக்கம் தள்ளிக் குத்துவார்கள். வலப்பக்க மயிர் சேதமானாலும் இடப்பக்கம் முழுசாக இருக்கும். இனம் வரை போவதற்குப் பல சமயம் இதுவும் போதாது. ஆண் ஈயின் பின்முனையைக் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். மண்புழுப் பாடத்தில் அதன் உடல்மயிர்களை ‘சீட்டாக்கள்’ என்று ஆங்கிலச் சொல்லாகவே எழுதிவிடுகிறார்கள். மயிர் என்றால் வகுப்பு சிரிக்கிறது. ரோமம் என்றால் ஆட்டுக்குட்டியின் மென்மை வந்துவிடுகிறது. ஒரு வாரம் யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் நினைவுக்கு வந்தது எங்கள் ஆயா. டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, “கையெல்லாம் சுணைடா” என்பார்.

சுணை! கரும்புச் சோகையிலும் மூங்கிலிலும் நிற்கும், குத்தி அரிக்கும் அந்த நுண்ணிய முள்மயிர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இங்கே இறங்கியவர்களின் கைகளுக்கும் அதைத் தெரிந்திருக்கும். இப்போது வெட்டுவதற்கு முன்பே கரும்புக்குத் தீ வைத்துவிடுவதால் சோகையோடு சுணையும் போகிறது. சொல்லும் அதோடு போய்க்கொண்டிருக்கிறது. (இதை ‘சுனை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது மலை ஊற்று.)

அகராதியைப் புரட்டினால் சுணைக்கு இன்னொரு பொருள்: உணர்ச்சி, சுரணை. எதற்கும் உறைக்காதவனைச் சுணைகெட்டவன் என்பார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. ஈயின் மேல் இருப்பவை இரண்டு வகையாம். ஒன்று, அடியில் குழியும் நரம்பும் கொண்ட பெரிய மயிர். அது வளைந்தால் ஈக்கு உறைக்கும். மற்றது, குழியும் நரம்பும் இல்லாத பொடி மயிர். இறக்கையெங்கும் தூவினாற்போல் இருப்பது அதுதான். முதல் வகையை மட்டும் சுணை என்போம், மற்றதைத் தூவி என்போம் என்று அவளே முடிவு செய்தாள். ஆங்கிலத்தில் இரண்டையும் பெரியது, சிறியது என்றுதான் பிரித்திருக்கிறார்களாம். உறைப்பதையும் உறைக்காததையும் வைத்து நாம் பிரிப்பது மேல் என்பது என் கட்சி.

டாக்ஸிஸுக்கு ‘அடுக்கு’ என்று முதலில் எழுதினேன். அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று. இங்கே அப்படி இல்லை. ‘அணி’ சரியாக விழுந்தது. படை வரிசைக்கும் அணிதான், கிரேக்கச் சொல்லின் பழைய பொருளும் அதுதான். ஆக, கீட்டோடாக்ஸி: சுணையணி. மயிர் நிற்கும் குழி, சுணைக்குழி.

போன வாரம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஊசியில் குத்திய ஈ, கீழே தமிழில், “மாமா, சுணையணி 3+4. இடப்பக்கம் ஒன்று முறிந்துவிட்டது, ஆனால் சுணைக்குழி இருக்கிறது, அதையும் எண்ணிக்கொண்டேன்.”