40 நாள் லீவும் விந்தணுவின் 3 மாதமும்

கீழக்கரை, தொண்டி பக்கம் சபுராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், இல்லாத வீடு குறைவு. கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறுவார், இரண்டு வருடம் கழித்து 40 நாள் லீவில் வருவார், மறுபடி போய்விடுவார். மூன்று வருடம் ஆனதும் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள். இருவரும் சேர்ந்திருந்த நாளை எண்ணினால் மூன்று மாதம்கூடத் தேறாது! தடுப்பு எதுவும் இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. ஆனால் ஸ்கேன், மாத்திரை, ஏர்வாடி தர்கா, ராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை எல்லாம் அவளுக்கு மட்டும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. கணவருக்கு வேண்டிய முதல் பரிசோதனை விந்துப் பரிசோதனை, அதில் ஊசிகூடக் கிடையாது.

விந்தணு ஒரு ராத்திரியில் உருவாவதில்லை. விதைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்களில் ஒரு அணு முதிர 70 நாளுக்கு மேல் ஆகும், அப்புறம் விதையை ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற நீண்ட குழாய்க்குள் நகர்ந்து நீந்தும் திறன் பெற இன்னும் பத்துப் பதினைந்து நாள். ஆக, இன்று கொடுக்கும் மாதிரி மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய வேலை. லீவுக்கு முந்தைய மாதம் கடுங்காய்ச்சலில் படுத்திருந்தால் அதன் அடி இப்போதைய எண்ணிக்கையில் தெரியும். இன்று சிகரெட்டை விட்டாலும், மருந்து தொடங்கினாலும் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் அவர் துபாயில் இருப்பார்.

சூடும் முக்கியம். உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில்தான் விதை ஒழுங்காக வேலை செய்யும், அதனால்தான் அது வெளியே தொங்குகிறது. அங்கே ரத்தம் திரும்பும் சிரைகள் புடைத்துச் சுருண்டுகொண்டால் சூடு தேங்கும். இதுதான் வெரிகோசீல், நம் ஊரில் நரம்பு சுருட்டு என்பார்கள். பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு உண்டு, பலருக்குத் தொந்தரவே இல்லை. ஆனால் கையால் தடவினாலே தெரியும் அளவில் இருந்து, எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் ஆபரேஷனில் பலருக்கு முன்னேற்றம் கிடைக்கிறது.

பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள், ஐஸில் வைக்காமல், அது லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவதைவிட லேபிலேயே கொடுத்துவிடுவது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில், ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணு, அதில் 42 சதவீதம் அசைய வேண்டும் என்று இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து எடுத்த அடிமட்டக் கோடு இது, அதற்குக் கீழே போனாலே பிள்ளை பிறக்காது என்று அர்த்தமில்லை. குறைவாக வந்தால் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் ரிப்போர்ட் பூஜ்யம் என்று வரலாம், ஆண்மை வேறு, விந்தணு வேறு. இது தெரியாமல் சிலர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஜிம்மில் போடும் ஸ்டீராய்டும் இதையேதான் செய்கிறது.

சரி, பூஜ்யம் என்றால்? வழி அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா என்று பிட்யூட்டரி விதைக்கு அனுப்பும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை ரத்தத்தில் பார்த்து, கையால் சோதித்து ஓரளவு பிரித்துவிடலாம். அடைப்பு என்றால் எபிடிடைமிஸிலிருந்தோ விதையிலிருந்தோ ஊசியால் அணுவை எடுத்துவிடுவார்கள். உற்பத்தி குறைந்த விதையிலும் அங்கங்கே சில அணுக்கள் ஒளிந்திருப்பதுண்டு, மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடுகிறார்கள். கிடைத்த ஒரே அணுவை நுண்ணூசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் கருத்தரித்ததை 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட பலருக்குச் சொந்தப் பிள்ளை என்ற பேச்சே இல்லை.

இக்சிக்கு முன் மனைவிக்குத் தினமும் ஊசி போட வேண்டியது பத்துப் பன்னிரண்டு நாள். முட்டை எடுக்கும் நாளில் கணவர் ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லீவில் வந்தபோதே விந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைக்கலாம். இருவரும் எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டு அவர் மதுரையில் விமானம் ஏறலாம்.